கணக்கில் வராத பதினான்கு பேர்

சந்திரமதியின் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு கட்டு கறுப்புத் தாள் இருக்கும். பாலர் பள்ளிப் பிள்ளைகள் பூவும் மீனும் வெட்டி ஒட்டுவார்களே, அதே தாள். மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் கற்பிக்கிறவளுக்கு இது எதற்கு என்று அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கேட்கமாட்டார்கள். அந்தத் தாளிடம் அடி வாங்கியவர்கள் அவர்கள்.

வியாழக்கிழமை வகுப்பில் பாடநூலுக்கு இடமில்லை. ஏதாவது ஒரு மருந்தைப் பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கொடுப்பாள். கொடுப்பதற்கு முன்னால் எழுதியவர்களின் பெயர், அவர்களுடைய பல்கலைக்கழகம், வெளியிட்ட இதழ், கடைசியில் வரும் முடிவுரை ஆகியவற்றின் மேல் கறுப்புத் தாளை வெட்டி ஒட்டி, அப்படியே படியெடுத்துவிடுவாள். ஆய்வை எப்படிச் செய்தார்கள், என்ன எண்கள் கிடைத்தன என்பது மட்டும் மிஞ்சும். முடிவை மாணவர்கள்தான் எழுத வேண்டும். எழுதியானதும் யாராவது ஒருவர் முன்னால் வந்து மூலப்படியில் ஒட்டியிருக்கும் தாளை உரிப்பார். உள்ளே உலகம் அறிந்த ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் எழுதிய முடிவு, பல நேரம் பிள்ளைகள் எழுதியதற்கு நேர்மாறாக இருக்கும். வகுப்பே கூச்சல் போடும். "உரிக்கலாமா மிஸ்?" என்று கேட்பதற்காகவே சிலர் வியாழக்கிழமை மட்டம் போடாமல் வந்தார்கள்.

மற்ற விரிவுரையாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. படவில்லைகளைக் காட்டி, இந்த நோய்க்கு இந்த மருந்து, இந்த அளவு என்று சொல்லிவிட்டுப் போவதை விட்டு இவள் ஏன் பிள்ளைகளுக்குச் சந்தேகத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள்? அதிலும் அவள் மருத்துவரில்லை. மருந்தியலில் முனைவர் பட்டம் பெற்றவள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டியவர்கள் கேண்டீனில் அவளுக்கு அடுத்த மேசையில்தான் உட்காருவார்கள். குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்கு அந்த இடைவெளி புதிதல்ல. அப்போது துரையின் பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவில் ஒரு முள்வேலி இருந்தது. இப்போது வேலி இல்லை. ஆனாலும் எந்த மேசையில் உட்காரக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவளுக்கு ஒரே அண்ணன், அர்ச்சுனன். பத்து பாகாட் நகரில் ஒரு துணித் தொழிற்சாலையின் சாயப் பகுதியில் வேலை. வீட்டுக்கு வரும்போது அவன் கைகள் ஒருநாள் நீலமாக இருக்கும், ஒருநாள் சிவப்பாக இருக்கும். நாலு நம்பர் குலுக்கலில் தீராத நம்பிக்கை. கார் மோதினால் கார் நம்பர், யாராவது செத்தால் வீட்டு நம்பர் என்று எழுதிவிட்டு வருவான். இருவரும் சந்தித்தால் சண்டைதான். அவனுக்கு இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் வந்தபோது, யாரோ கொடுத்த வேர்ப்பொடியை அவன் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு மலாய்க்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து எந்த மருந்தைத் தின்றாலும் தங்கைக்குச் சொல்லாமல் தின்பது என்று அவன் முடிவு செய்துகொண்டான்.

அதனால்தான் கோயில் மண்டபத்து விஷயமும் அவளுக்குத் தெரியாமல் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் ஒலிபெருக்கியில் செயலாளர் லெட்சுமணன் அறிவித்தார்: மண்டபத்தில் இலவச இரத்தப் பரிசோதனை, இனிப்புநீருக்கு மூலிகை மாத்திரை, பெரிய டாக்டர்கள் நடத்தும் ஆராய்ச்சி, வருகிறவர்களுக்கு நாசி லெமாக் சாப்பாடு. தேவாரம் ஒலித்த அதே குழாயில் மாத்திரைக் கம்பெனியும் பேசியது. யார் பேசுகிறார்கள் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் நாலு பக்கச் சம்மதப் படிவம் கொடுத்தார்கள். அர்ச்சுனன் தமிழில் கையெழுத்துப் போட்டான். சில வாரம் கழித்துக் கால் வீங்கியது. அடுத்த முறை இரத்தம் எடுத்தபோது தாதி முடிவைப் பார்த்தாள், உள்ளே போனாள், திரும்பி வந்தாள். "அண்ணே, நீங்க இனிமே வர வேணாம். உங்க கிளினிக்ல பாத்துக்குங்க" என்றாள். அவ்வளவுதான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. டாக்டர்களிடம் ஏன் என்று கேட்கும் பழக்கம் அவன் வளர்ந்த இடத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

சந்திரமதிக்குத் தெரிய வந்தபோது அவன் இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்து, வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் படுக்கத் தொடங்கியிருந்தான்.

அந்த ஆய்வின் கட்டுரை சென்ற ஆண்டு வெளிவந்தது. செனாயில் தன் வீட்டு முன்னறையில், தலைக்கு மேல் விமானம் இறங்கும் சத்தத்துக்கு நடுவில், அவள் அதைப் படித்தாள். மாத்திரை பாதுகாப்பானது. சிறுநீரகத்துக்குக் கேடு இல்லை. ஆய்வை முடித்தவர்களின் இரத்த முடிவுகள் அழகான அட்டவணையாக இருந்தன. அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: பதினான்கு பேரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, அவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அவள் கைப்பேசியை எடுத்து அண்ணனை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"என்னா மதி?"

"ஒன்னுமில்ல. நம்பர் வேலை செய்யுதான்னு பாத்தேன்."

பத்து வருடமாக அதே எண்.

கட்டுரையின் முதல் ஆசிரியர் அவள் கல்லூரியின் துணை டீன், டத்தோ பட்டம் பெற்ற சதாசிவம். ஆசிரியர்களுக்கு இதில் எந்த ஆதாயமும் இல்லை என்று கடைசியில் போட்டிருந்தது. கல்லூரியின் மூன்றாம் மாடியில் அந்த மாத்திரைக் கம்பெனி கட்டிக்கொடுத்த ஆய்வுக்கூடத்தின் கதவில், அதன் பெயர் பித்தளையில் பளபளத்தது.

அடுத்த வியாழக்கிழமைக்கு அவள் எடுத்துக்கொண்ட கட்டுரை அதுதான். வழக்கம்போல் பெயரை மூடினாள், ஊரை மூடினாள், முடிவை மூடினாள். பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிக்கட்டும் என்பது அவள் எண்ணம். தான் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர்கள் கண்டுபிடித்தால், யாரும் மறுக்க முடியாது என்று நினைத்தாள்.

வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். கேலியும் கோபமும் வந்தால் பிள்ளைகள் அவரவர் மொழிக்குத் தாவிவிடுவார்கள். எல்லாரும் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "சேஃப் லா மிஸ்" என்று பேனாவை மூடினார்கள்.

"இந்த அட்டவணையில யார் இல்ல?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

பொடி எழுத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஜொகூர் பாருவிலிருந்து வரும் ஜேடன் நாற்காலியைப் பின்னால் சாய்த்தான். எதற்கும் அவனிடம் ஒரு பதில் இருக்கும். "மிஸ், அந்தப் பதினாலு பேரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பாங்க. பாலத்துல ஜாம்ல மாட்டிக்கிட்டு இன்னும் வந்து சேரல."

வகுப்பு சிரித்தது. சந்திரமதியும் சிரிக்க முயன்றாள். தங்காக்கிலிருந்து கல்விக் கடனில் படிக்க வந்திருந்த லோஷினி மட்டும் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. நிஜ மாத்திரை யாருக்கு, வெறும் மாவு மாத்திரை யாருக்கு என்று பிரித்துக் கொடுத்திருந்த பக்கத்தை அவள் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய் ஜேடன், மாவு தின்னவங்கள்ல மூணு பேருதான் காணோம். நிஜ மாத்திரை தின்னவங்கள்ல பதினோரு பேரு காணோம். அது என்னா, அந்த மாத்திரை தின்னவங்களுக்கு மட்டும் சிங்கப்பூர்ல வேலை கிடைக்குது?"

ஜேடனின் நாற்காலி தரைக்கு இறங்கியது. ஒரு சீனப் பையன் மெதுவாகச் சொன்னான்: நோயாளிகள் பாதியில் நின்றது மருந்தால்தான் என்றால், மிஞ்சியவர்களை மட்டும் எண்ணினால் எந்த மருந்தும் பாதுகாப்பானதுதான். பிள்ளைகள் எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார்கள். பெரும்பாலோர் எழுதிய முடிவு ஒன்றுதான்: இந்தக் கணக்கை வைத்து இந்த மாத்திரை பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

"உரிக்கலாமா மிஸ்?"

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் எத்தனையோ வியாழக்கிழமைகளில் வெளிநாட்டுப் பெரிய பெயர்களையெல்லாம் உரித்துக் காட்டிவிட்டு, உள்ளூர்ப் பெயர் வந்ததும் மணியைப் பார்த்தால், இவ்வளவு நாள் கற்பித்ததற்கு என்ன அர்த்தம்? மூலப்படியை லோஷினியிடம் நீட்டினாள். லோஷினி நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தாள். பெயரைப் படித்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஜேடன்தான் ஐயோ என்பதுபோல், "அலமாக்" என்றான்.

மறுநாள் காலையிலேயே துணை டீனின் அறையிலிருந்து அழைப்பு வந்தது. சதாசிவம் கெட்டவராகப் பிறந்தவரல்லர். அவரும் தோட்டத்துப் பிள்ளை. ரப்பர் எடுக்கப் பால்மரம் வெட்டிய தாயின் கையைப் பற்றி மேடையில் பேசினால் அவருக்கு உண்மையாகவே குரல் உடையும். எல்லாரிடமும் ஆங்கிலத்தில் பேசுகிறவர், காரியம் ஆக வேண்டியிருந்தால் தமிழுக்கு வருவார்.

"உட்காரும்மா. பாலும் சீனியும் போடாத தே ஓ கொசோங்தானே நீ? குடி. இந்தக் காலேஜ்ல நம்ம ஆளுங்க எத்தனை பேரு சொல்லு? நான் இந்த நாற்காலிக்கு வர எத்தனை பேருகிட்ட மிதி வாங்குனேன் தெரியுமா? கடைசியில நம்ம வீட்டுப் பிள்ளையே காலை வாருது."

"நான் யார் காலையும் வாரல டத்தோ. பதினாலு பேர் எங்கேன்னு பிள்ளைங்க கேட்டாங்க."

"கூப்பிட்டோம்மா, வரல. நம்ம ஜனங்களை உனக்குத் தெரியாதா? நாலு நாளு திம்பான், அப்பறம் விட்டுட்டுப் போயிடுவான்."

"யாரு கூப்பிட்டது?"

"எல்லாத்தையும் நானா கூப்பிட முடியும்? ஆளு இருக்காங்க, செய்யறாங்க."

"அதுல ஒருத்தர் என் அண்ணன், டத்தோ. நம்பர் மாறவே இல்ல. யாரும் கூப்பிடல. ரத்த ரிசல்ட்டப் பாத்துட்டு, இனிமே வராதீங்கன்னு உங்க ஆளுதான் அனுப்பியிருக்காங்க. இப்ப கிட்னி ரெண்டும் போயி மிஷின்ல கிடக்கறாரு."

சதாசிவத்தின் கை கோப்பையிலேயே நின்றது. அவருக்கு இது தெரியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு கணம் அந்த முகத்தில் பால்மரக் காட்டுப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான். பிறகு துணை டீன் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இதைப் பிள்ளைங்ககிட்ட சொன்னியா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"நீதானே சொல்லிக் கொடுக்கற, பேப்பரோட கடைசியப் பாரு, யாருக்கு என்ன ஆதாயம்னு பாருன்னு? உன் சொந்த அண்ணன் சம்பந்தப்பட்ட பேப்பர். அதை வகுப்புல போட்டு, என் பேர உரிச்சிருக்க. உன் பேர எங்க ஒட்டி வச்சிருந்த?"

அவர் சொன்னது சரி. அதுதான் கொடுமை. இருபது வருடம் கறுப்புத் தாள் வெட்டியவள், மூடப்பட்டிருந்த பெயர்களில் ஒன்று தன்னுடையது என்பதைப் பார்க்கத் தவறியிருந்தாள்.

சதாசிவம் குரலைத் தணித்தார். தவறான கட்டுரை வகுப்பில் கொடுக்கப்பட்டுவிட்டது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவள் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். அவளுடைய வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். அண்ணனைத் தனக்குத் தெரிந்த பெரிய மருத்துவமனையில் சேர்த்து, தானே முன்னின்று பார்த்துக்கொள்கிறேன் என்றார். எழுதாவிட்டால் விசாரணை, விசாரணையில் கேட்கப்படுவது மாத்திரையைப் பற்றியதாக இருக்காது.

அந்தச் சனிக்கிழமை அவள் பத்து பாகாட்டுக்குப் போனாள். கடைவீட்டு மாடியில் இருந்த சுத்திகரிப்பு நிலையத்தில் வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு இயந்திரம். அர்ச்சுனனின் இடது கையில் நரம்பு கயிறுபோல் முறுக்கிக்கொண்டு புடைத்திருந்தது. சாயம் எல்லாம் போய் வெளுத்துவிட்ட கை. தாகத்துக்கு ஒரு ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கி வைத்திருந்தான்.

"வா மதி. இந்த மிஷின் பின்னால நம்பர் இருக்கும் பாரு, என்னான்னு சொல்லு. இன்னைக்கு எழுதலாம்."

அவள் நம்பர் பார்க்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டுரையில் இருந்ததையும் சதாசிவம் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் ஐஸ்கட்டியை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினான்.

"அப்ப நான் காணாமப் போனவனா? முப்பது வருஷமா நாலு நம்பர்ல என் நம்பர் வரல. உங்க பேப்பர்லயும் வரலியா? என்னா ராசிலா இது!"

பக்கத்தில் நின்ற அண்ணி அவனை முறைத்தாள். அவன் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்: "அந்த மாத்திரதான் என் கிட்னியத் தின்னுச்சா?"

"தெரியாதுண்ணே. இனிப்புநீரே தின்னுருக்கலாம். நீ வாங்கி முழுங்குன வலி மாத்திரையா இருக்கலாம், அந்த வேர்ப்பொடியா இருக்கலாம். எதுன்னு தெரியணும்னா எல்லாரையும் எண்ணணும். எண்ணாம விட்டா யாருக்குமே தெரியாது."

"அவரு பெரிய ஆஸ்பத்திரியில சேக்கறேங்கறாரே, சேந்தா கிட்னி திரும்பி வருமா?"

"வராது. இதே மிஷின்தான். நாற்காலி கொஞ்சம் மெத்துனு இருக்கும்."

"வேலையை விட்டுறாத மதி" என்றாள் அண்ணி. "இவருக்கு ஆனது ஆயிடுச்சு. நீயாவது நல்லா இரு."

அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"அந்தச் சரக்க இப்ப விக்கறாங்க, தெரியுமா?" என்றான் கண்ணைத் திறக்காமலே. "வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்துல மேசை போட்டு. லெட்சுமணன்கிட்ட கேட்டேன். ஆராய்ச்சியில நிரூபிச்சது அண்ணேங்கறான். டப்பாவுலயே போட்டிருக்கு. உங்க அண்ணியோட தங்கச்சி ரெண்டு டப்பா வாங்கிட்டுப் போயிருக்கு." பிறகு கண்ணைத் திறந்தான். "என்ன எண்ணச் சொல்லு மதி. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்னு சொல்லு."

அடுத்த வியாழக்கிழமை அவள் கட்டுரை எதுவும் கொண்டுவரவில்லை. வெள்ளைப் பலகையில் ஒரு கறுப்புத் தாள் மட்டும் ஒட்டியிருந்தது. வகுப்பு அடங்கியதும் அவளே அதை உரித்தாள். அடியில் எழுதியிருந்தது: விடுபட்ட பதினான்கு பேரில் ஒருவர் என் அண்ணன்.

ஜேடனுக்குக் காது சிவந்துவிட்டது. "மிஸ், அன்னைக்கு நான் சிங்கப்பூர்னு…"

"ஜோக் நல்லாத்தான் இருந்துச்சு. அதுலேருந்துதானே கேள்வி வந்துச்சு."

லோஷினி எழுந்து நின்றாள். அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "இதை முதல்லயே சொல்லியிருக்கணும் மிஸ். இப்ப எங்களை ஒவ்வொருத்தரா ஆபீசுக்குக் கூப்பிட்டு, மிஸ் என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேக்கறாங்க. என் கடனுக்கு வருஷா வருஷம் டீன் ஆபீஸ்தான் சைன் பண்ணணும். எங்கள வச்சு உங்க சண்டையப் போட்டீங்களா?"

"பாதி அப்படித்தான்" என்றாள் சந்திரமதி. "மறைச்சது என் தப்பு. மத்தவங்க எல்லாரையும் உரிக்கச் சொல்லிட்டு என்ன மூடி வச்சுக்கிட்டேன். அதனால இன்னைக்கு இதையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவ மறுபடி எழுதுங்க. மாத்தணும்னா மாத்துங்க. பேர் போட வேணாம்."

தாள்கள் வந்தன. பலர் மாற்றியிருந்தார்கள். சிலர் வெறுந்தாளைக் கொடுத்திருந்தார்கள். யோசித்து மாற்றியவர் யார், பயந்து மாற்றியவர் யார் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பயத்தை மூடி வைக்க அவளிடம் கறுப்புத் தாள் இல்லை. ஒரு தாளில் மட்டும் பழைய முடிவு அப்படியே இருந்தது. கீழே ஒரு வரி கூடுதலாக: கற்பித்தவருக்கு இதில் சொந்தத் தொடர்பு உண்டு, பதினொன்றும் மூன்றும் அதனால் மாறவில்லை. பெயர் இல்லை. கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டாள். அது யார் கையிலும் சிக்கக்கூடாது.

இதழுக்கு எழுதினாள். அண்ணன் சம்மதத்தோடு அவனுடைய இரத்த முடிவுகளை இணைத்தாள். இந்த முறை தான் யார், அவனுக்குத் தான் என்ன உறவு என்பதை முதல் வரியிலேயே போட்டாள். விசாரணை நடந்தது. மாத்திரையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. சொந்தத் தொடர்பை மறைத்து மாணவர்களைத் தவறாக வழிநடத்தினார் என்று முடிவானது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வியாழக்கிழமை வகுப்பில் மறுபடியும் படவில்லைகள் ஓடத் தொடங்கின.

அர்ச்சுனன் ஒரு காலை இயந்திரத்தில் படுத்திருந்தபோதே நெஞ்சு நின்று இறந்தான்.

அதற்குப் பிறகு, ஒருநாள் இதழின் பதில் வந்தது. திருத்தம் ஒன்று வெளியிட்டிருந்தார்கள். தொடர்புகொள்ள முடியாதவர்கள் பதினான்கு பேர் அல்லர், பதின்மூன்று பேர். ஒருவர் சிறுநீரக அளவு உயர்ந்ததால் ஆய்வாளர்களால் நிறுத்தப்பட்டவர். இதனால் கட்டுரையின் முடிவில் மாற்றம் இல்லை. கூடவே வந்த அட்டவணையில் இறப்பு என்ற வரியில் சுழியம் அப்படியே இருந்தது. ஆய்வுக் காலத்துக்குள் யாரும் சாகவில்லை, அதுவும் உண்மைதான். பொய் ஒன்றுகூட எழுதாமலே ஒரு மனிதனை எப்படி இல்லாமல் ஆக்குவது என்று பாடம் நடத்த இதைவிட நல்ல தாள் அவளுக்கு வாய்த்ததில்லை. நடத்துவதற்குத்தான் வகுப்பு இல்லை.

இப்போது செனாயில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை பேருந்து ஏறிப் பத்து பாகாட் போகிறாள். அவளுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கோயில் மண்டப வாசலில், மாத்திரை மேசைக்கு எதிரே, அந்தக் கட்டுரையையும் திருத்தத்தையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். வருகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறாள்: மண்டபத்து ஆராய்ச்சிக்கு வந்திருந்தீங்களா? கடைசி வரைக்கும் போனீங்களா?

"தங்கச்சி, கோயில்ல வந்து கட்சி நடத்தாதீங்க" என்றார் லெட்சுமணன். "அர்ச்சுனன் போனது எங்களுக்கும் வருத்தந்தான். அவரு விதி."

"விதி எத்தனை மில்லிகிராம்ணே? டப்பாவுல போட்டிருக்கா?"

அவர் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார். ஒலிபெருக்கி பாடத் தொடங்கியது. பல வாரம் யாரும் நின்று பேசவில்லை. சிலர் அவளைக் கண்டதும் மறுவாசலால் போனார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்பவள் என்று பிறகு தெரிந்தது. காலில் ஆண்களின் ரப்பர் செருப்பு. அதன் வாரையும் பாதத்துக்கு இடம் விட்டு வெட்டியிருந்தாள். பாதம் மாவு பிசைந்து வைத்தாற்போல் உப்பியிருந்தது.

"நான் வந்திருந்தேம்மா. ரத்தம் எடுத்தாங்க. அப்பறம் வர வேணாம்னுட்டாங்க. ஏன்னு கேக்கல."

சந்திரமதி குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். நாளைக் காலையிலேயே அரசாங்க மருத்துவமனைக்குப் போக வேண்டும், நானே கூட வருகிறேன் என்றாள். அந்தப் பெண் தலையாட்டினாள். ஆனால் அவள் கண் திருத்தத் தாளில்தான் இருந்தது. ஆங்கிலம் அவளுக்குப் படிக்க வராது. அட்டவணைக் கட்டங்களின் மேல், சோப்பில் ஊறிச் சுருங்கிய விரலை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தாள்.

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

சந்திரமதி அந்த விரலைப் பிடித்து, அட்டவணையைத் தாண்டிக் கீழே கொண்டுபோய், பொடி எழுத்தில் இருந்த பதின்மூன்று என்ற எண்ணின் மேல் வைத்தாள்.